பாட்டில்நெக்: முட்டுக்கட்டையா, இடுக்கா, குறுமடையா?

நண்பர்களே, வணக்கம்.

வீட்டில் வீடியோ எடிட்டிங் செய்யக் கணினி கட்டுபவர்களுக்காக நம் குழு எழுதும் கையேட்டில் மற்ற சொற்கள் ஏறக்குறைய அமைந்துவிட்டன. 'செயலி' என்ற சொல் கைபேசி ஆப்புக்குப் போய்விட்டதால், கணினியின் மூளையான சிபியுவை சிபியு என்றே எழுதுவோம் என்று முடிவானது எனக்கு மிகவும் நிறைவு. 'பாட்டில்நெக்' மட்டும்தான் இன்னும் நிற்கிறது; அதாவது, மற்ற பாகங்கள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மொத்த வேலையையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் பாகம். அதற்கு முட்டுக்கட்டை, தடங்கல், இடையூறு, குப்பிக்கழுத்து, நெரிசல், இடுக்கு என்று பல சொற்கள் குழுவில் வந்திருக்கின்றன. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே. எந்தப் பாகத்துக்குப் பணத்தைப் போடுவது என்ற கேள்வியே இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

> முட்டுக்கட்டை எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, தெரிந்த சொல்தான். ஆனால் அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்று நான் நேரில் பார்த்தேன். நண்பர் ஒருவர் புதுக் கேமராவில் 10 பிட் 4:2:2 எச்இவிசியில் (நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) படம் பிடித்து வந்தார். கிராபிக்ஸ் அட்டைக்கு நிறையச் செலவழித்திருந்தார். இருந்தும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியது. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சிபியு 100 சதவீதத்தில் போய் முட்டி நிற்கிறது. சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலையைக் காட்டும், கிராபிக்ஸ் அட்டையின் 'வீடியோ டிகோட்' கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. "சிபியுதான் இங்கே முட்டுக்கட்டை" என்றேன். அவர் மறுநாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், பழுதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். பழுது ஒன்றும் இல்லை.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. முட்டுக்கட்டை என்பது சக்கரம் உருளாமல் இருக்க அடியில் கொடுக்கும் கட்டை. அதை உருவிவிட்டால் வண்டி ஓடும். நாம் பேசுவதோ உருவவே முடியாத பாகத்தை. அந்த சிபியு தன்னால் முடிந்த அளவு வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அவருடைய கிராபிக்ஸ் அட்டை அந்த வகைக் கோப்பை வன்பொருளில் பிரித்துக் காட்டத் தெரியாத தலைமுறை. என்விடியா 4:2:2 வகைக்கு அந்த வசதியை 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கொண்டுவந்தது. இன்டெலின் சில சிபியுக்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்இவிசியில் அதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தது. கடைசியில் எதையும் மாற்றவில்லை. ப்ராக்ஸி கோப்புகள் (அதே வீடியோவின் இலகுவான நகல்கள்) உருவாக்கி எடிட் செய்தோம், அதே கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. முட்டுக்கட்டை என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

'தடங்கல்' நல்ல தமிழ்தான், ஆனால் அது நிகழ்ச்சி. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும் என்று பொருள். 'இடையூறு' இன்னும் தள்ளிப் போகிறது. 'குப்பிக்கழுத்து' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; ஆங்கிலச் சொல் தெரிந்தவருக்குத்தான் அது புரியும், அவருக்கோ அது தேவையில்லை.

'நெரிசல்' எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதையே மனத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒரு குறை தெரிந்தது. நெரிசல் குறுகலுக்கு முன்னால் நடப்பதை மட்டும் சொல்கிறது. குறுகலுக்குப் பின்னால் என்ன ஆகிறது? அங்கே வேலை வராமல் சும்மா கிடக்கிறது. நண்பரின் கிராபிக்ஸ் அட்டை அப்படித்தான் கிடந்தது. பணம் வீணாவது அந்தப் பக்கத்தில்தான். ஆகவே இரண்டு பக்கமும் தெரிகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

'இடுக்கு' என்று குழுவில் ஓர் அம்மா முன்மொழிந்ததில் இடம் என்ற பொருள் சரியாக விழுகிறது. ஆனால் இண்டு இடுக்கு என்றால் தூசி போய் ஒளிந்துகொள்ளும் மூலை நினைவுக்கு வருகிறது, எதுவும் ஓடுகிற வழி நினைவுக்கு வருவதில்லை. வினையாகப் போட்டால் கக்கத்தில் இடுக்குவது வேறு குறுக்கே வந்துவிடும்.

என் பரிந்துரை குறுமடை.

மடை என்பது வாய்க்காலிலிருந்து தண்ணீர் போகும் திறப்பு. அது சிறிதாக இருந்தால் மேலே தண்ணீர் தேங்கும், கீழே வயல் காயும். இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வயலுக்குப் போவது மடை விடுகிற அளவுதான் என்பதும் கூடவே வருகிறது. இதை விளக்கத்தான் நாம் அந்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கேமராவிலிருந்து வரும் 4கே கோப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அது 12.5 மெகாபைட்தான், பழைய ஹார்ட் டிஸ்க்கே சிரமமில்லாமல் படித்துவிடும். அதே கோப்பைப் பிரித்துப் படமாக்கினால் ஒரு ஃபிரேமுக்கு 3840 × 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 8 பிட் நிறக் கணக்கிலேயே, புள்ளிக்கு மூன்று பைட் என, ஒரு ஃபிரேம் சுமார் 25 மெகாபைட், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 622 மெகாபைட். உள்ளே வருவது 12.5, வெளியே போவது 622! இவ்வளவும் பெருகுவது சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் இடத்தில். அதிலும் எச்.264, எச்இவிசி என்ற இரண்டு சுருக்க முறைகளிலும் பெரும்பாலான ஃபிரேம்கள் பக்கத்து ஃபிரேம்களைச் சார்ந்தே இருப்பதால், நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்டக்கூட அதற்கு முந்தைய ஃபிரேம்கள் சிலவற்றைப் பிரித்துவிட்டுத்தான் வர வேண்டும். இங்கே வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு என்ன பயன்? வாய்க்காலை அகலப்படுத்தினோம், மடை அப்படியே இருக்கிறது.

குறுமடை இடம் மாறும் என்பதையும் கையேட்டில் சொல்லியாக வேண்டும். அதே திட்டத்தில் படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வேலையைப் போட்டவுடன் அது சிபியுவிலிருந்து கிராபிக்ஸ் அட்டைக்குப் போய்விடலாம். ப்ரோரெஸ் போல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்ட கோப்பாக இருந்தால் பிரிக்கும் வேலை குறையும், ஆனால் கோப்பு பெருத்துவிடும்; அப்போது டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். "எந்தப் பாகம் குறுமடை?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. "எந்த வேலையில் எது குறுமடை?" என்று கேட்க வேண்டும். முட்டுக்கட்டையை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், இழுத்துப் பிடித்தால்தான் வரும்.

> ரேம் போதாமல் போவதையும் இந்தச் சொல் தாங்குமா?

நல்ல கேள்வி. நானும் இங்கேதான் தயங்கினேன். 16 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று தெரியும். பார்ப்பவர் டிஸ்க்கைக் குறை சொல்லுவார், உண்மையில் போதாதது ரேம். ரேம் தண்ணீர் ஓடும் திறப்பு அல்ல, தேங்கும் இடம். அதனால் கண்டிப்பாகப் பார்த்தால் குறுமடை என்ற சொல் அதற்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். 'ரேம் போதாமையால் டிஸ்க் குறுமடையாகிறது' என்று எழுதினால் காரணம், இடம் இரண்டும் சரியாக நின்றுவிடும். மிகவும் பரபரப்பாகத் தெரிகிற பாகத்தையே மாற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதிலேயே அடங்கும். ஆங்கிலத்தில் இரண்டையும் பாட்டில்நெக் என்றே சொல்லிவிடுகிறார்கள். நாம் பிரித்துச் சொல்வது நல்லதுதானே.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மடை திறந்த வெள்ளம் என்று பேச்சைச் சொல்லாதவர் யார்? கடைமடை வரை தண்ணீர் வரவில்லை என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மடைமாற்றம் கூடப் புழக்கத்தில்தான் இருக்கிறது. 'குறு'வும் புதிதல்ல, குறுஞ்செய்தியும் குறுந்தகடும் பழக்கியது. அவற்றில் போல நடுவில் ஞகரமோ தகரத்துக்கு இனமான நகரமோ வரத் தேவையில்லை. குறுமணல் போல இயல்பாகவே சேர்ந்துவிடுகிறது, வாயிலும் உருளுகிறது.

வினைக்கு 'குறுமடையாகு' போதும். 'குறுமடையிடு' என்று யாரோ எழுதியிருந்தார்கள், அது வேண்டாம் என்பது என் கருத்து. யாரும் வேண்டுமென்றே இடுவதில்லை. கூட்டுச்சொல்லில் சிபியுக் குறுமடையா, சிபியு குறுமடையா என்பதில் எனக்கு இன்னும் உறுதி வரவில்லை. கடன்சொல்லுக்குப் பின் வல்லினம் மிகுவது படிக்கக் கொஞ்சம் உறுத்துகிறது. இலக்கணம் நன்கு தெரிந்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் தீர்த்துச் சொன்னால், மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லை மாற்றிவிட்டு இன்றிரவே வரைவை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்.