ஆப்ஷன் வாங்கிய பிறகு சீலிங்கில் பழுது: விலையை மறுபடி பேசலாமா?

நாலறை_தேடி:
சிங்கப்பூரில், அங் மோ கியோவில் பழைய புளோக்கில் நாலறை மறுவிற்பனை வீடு. விலை 580,000 வெள்ளி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மதிப்பீடு 570,000. ஆப்ஷனுக்கு (குறித்த நாளுக்குள் அந்த விலைக்கு வாங்கும் உரிமை) கட்டணம் 1,000 கொடுத்தாயிற்று, இன்னும் எக்சர்சைஸ் பண்ணவில்லை, அதாவது வாங்குவதை உறுதி செய்யவில்லை. ஆள் வைத்துப் பார்த்ததில் சமையலறை சீலிங்கில் கான்கிரீட் உப்பிக் கம்பி தெரிகிறது. குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஈரம். விலையை இனி மாற்ற முடியாதாம். விற்பவர் 8,000 வெள்ளியைக் கையில் திருப்பித் தருவாராம், தனித்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

புளோக்_வாத்தியார்:
அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வீவக வீட்டுக்கு வீவகவின் ஆப்ஷன் படிவம் மட்டும்தான் ஒப்பந்தம். பக்கத்தில் எழுதும் எதுவும் செல்லாது. விண்ணப்பத்தில் 580,000 என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் 572,000க்கு முடிப்பது பொய்யான அறிவிப்பு. விற்பவர் பணம் தராவிட்டால் எங்கேயும் போய்க் கேட்க முடியாது, தந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. ஓடுகிற ஆப்ஷனில் விலையைத் திருத்த வழியில்லை. ஆனால் ஆப்ஷன் 21ஆம் நாள் மாலை 4 மணிக்குக் காலாவதியாகும். அதன் பிறகு விற்பவர் புது விலையில் உங்களுக்கே புது ஆப்ஷன் தரலாம். அதற்கு முன்னால் தரக் கூடாது. பழைய 1,000 வெள்ளி விற்பவருக்குப் போய்விடும், அதனால் புது விலையில் அதையும் கழித்துப் பேசுங்கள். ஆப்ஷன் கட்டணம் 1 முதல் 1,000 வெள்ளி வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், புதியதற்கு 1 வெள்ளி போதும் என்றும் கேட்கலாம்.

ஆபத்து ஒன்று உண்டு: 4 மணி தாண்டினால் அவர் வேறு யாருக்கும் விற்கலாம். ஆனாலும் இப்போது விட்டால் போவது 1,000தான். எக்சர்சைஸ் பண்ணிய பிறகு பின்வாங்கினால் 5,000 வரை முன்பணம் போகும், பேசும் பலமும் போய்விடும்.

கம்பி_சிமெண்ட்:
இரண்டு பழுதையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீர்கள்.

சமையலறையில் இருப்பது கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுவது. பழைய புளோக்குகளில் சகஜம். உப்பிய இடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு அடி தட்டிப் பாருங்கள். டொக்டொக்கென்று கூடாகக் கேட்கிற வரைக்கும் கொத்த வேண்டும். கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்து பூசி, கடைசியில் பெயின்ட். சிறிய இடம் என்றால் சில நாள் வேலை. ஆப்ஷன் முடிவதற்குள் விற்பவரே செய்து காட்டட்டும், பார்த்துவிட்டு எக்சர்சைஸ் பண்ணுங்கள். உப்பிய இடத்தில் வெறும் பெயின்ட் அடித்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், திரும்ப உதிரும். பழைய புளோக்குகளைப் புதுப்பிக்கும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் அந்த புளோக்கில் நடந்ததா என்றும் கேளுங்கள். இந்தப் பழுது அதில் கட்டாய வேலை, செலவு அரசாங்கத்துடையது.

குளியலறை ஈரம் அப்படியல்ல. மேல்வீட்டுத் தரையின் நீர்த்தடுப்பு போயிருக்கும், அல்லது கழிவுக் குழாய் மூட்டு. இதற்கு மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் தகுதி கிடைத்தால் பாதிச் செலவை வீவக ஏற்கும், மீதியில் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இன்றைய உரிமையாளர் விற்பவர்தான், அவர் இப்போதே வீவக கிளையில் புகார் பதியட்டும். மேல்வீட்டுக்காரர் கதவு திறக்காவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே இதற்கு மட்டும் விலையில் பேசுங்கள்.

மறுவிற்பனையின்போது வீவக வீட்டைப் பார்க்க வருமே என்று இருந்துவிடாதீர்கள். அங்கே முக்கியமாகப் பார்ப்பது அனுமதியில்லாத இடிப்பு, மாற்று வேலைகளை; கசிவுக்காக யாரும் விலை பேசித் தர மாட்டார்கள்.

நாலறை_தேடி:
நன்றி. எவ்வளவு குறைக்கச் சொல்வது?

புளோக்_வாத்தியார்:
மதிப்பீட்டுக்கு மேல் இருக்கும் 10,000 முழுக்க ரொக்கம், அதற்குக் கடன் கிடையாது. அந்தப் பத்துக்குள் எவ்வளவு குறைத்தாலும் அப்படியே உங்கள் கையில் நிற்கும். 8,000 குறைந்தால் முத்திரை வரியிலும் 240 வெள்ளி மிச்சம், அந்தப் படியில் 3 விழுக்காடு என்பதால். 570,000க்குக் கீழே இறங்கினால் கதை வேறு: 75 விழுக்காடு கடன் எடுப்பவருக்கு ஒவ்வொரு 1,000 வெள்ளிக் குறைப்பிலும் 750 கடனில்தான் குறையும், கைக்கு அதிகபட்சம் 250. பழுதுவேலைக்கு மத்திய சேம நிதியையும் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) தொட முடியாது, ரொக்கம்தான் வேண்டும். அதனால் 10,000 வரை விலைக் குறைப்பு கேளுங்கள், அதற்கு மேல் தேவைப்பட்டால் வேலையைச் செய்து தரச் சொல்லுங்கள்.

பழைய மதிப்பீடே புது ஆப்ஷனுக்குச் செல்லுமா என்று வீவகவிடம் இன்றே கேட்டுவிடுங்கள். வங்கிக் கடன் என்றால் கடன் கடிதத்திலும் புது விலை ஏற வேண்டும்.