ஏறுமுகத்தில் இருந்த இரண்டு பொருள்களும் தேங்கிவிட்டன: மறுபடி வரும் தேவையை முன்கூட்டியே அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். சிறு பொருள்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து இணையவழியில் சில்லறையாக விற்கும் தொழிலை ஒன்றரை ஆண்டாகச் செய்து வருகிறேன். எதை விற்பது என்று தேர்ந்தெடுப்பதில் இரண்டு முறை சறுக்கிவிட்டேன். மூன்றாவது முறை பணத்தை இறக்குவதற்கு முன்னால் என் தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, விரல்களுக்கிடையே வைத்து அழுத்தி விளையாடும் ஒரு சிறு பொம்மை. ஒரு சொல்லை மக்கள் கூகுளில் எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் அதற்கான கோடு மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று 600 வாங்கினேன். சரக்கு வந்து சேர்ந்த முதல் மூன்று வாரத்தில் 140 விற்றன. பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்து, இப்போது விற்பனை அடியோடு நின்றுவிட்டது.

இரண்டாவது, மேசைமீது வைக்கும் சிறிய ஈரப்பதமூட்டி. என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி வைத்திருக்கும் பகுதிகளில் இருப்பவர்கள். சூடேற்றிய அறையில் காற்று வறண்டுபோவதால் அவர்களுக்கு இந்தப் பொருள் தேவைப்படுகிறது. டிசம்பர் கடைசியில், கோடு உச்சியில் நின்றபோது 200 வாங்கினேன். சரக்கு பிப்ரவரி நடுவில்தான் வந்தது. 31 விற்றன. மீதமுள்ள 169 பெட்டிகள் என் அறையின் ஒரு சுவரையே மறைத்துக்கொண்டு நிற்கின்றன. போட்ட பணம் இப்படி முடங்கிக் கிடப்பதைவிட, வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவது மேல் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மூன்றாவதாக, கைப்பேசியுடன் இணைத்துப் பயன்படுத்தும் சிறிய லேபிள் அச்சு இயந்திரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் கோடும் ஏறுகிறது. இந்த ஏற்றத்தை நம்பலாமா? ஈரப்பதமூட்டிகளைத் தள்ளிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். பதில் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. வரைபடத்தில் எவ்வளவு காலத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தீர்கள்? எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கொள்முதலுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து சரக்கு உங்கள் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது?

கேட்டவர்

கடந்த 90 நாள் என்று வைத்துத்தான் பார்த்தேன்; பகுதியை மாற்றவில்லை, உலகம் முழுவதும் என்றே இருந்தது. சரக்கு வந்து சேர ஏறத்தாழ ஏழு வாரம் ஆகிறது.

மறுமொழி 2

உங்கள் பதிலிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. 90 நாள் காட்சியில் ஒரு நாள் மோகமும், ஆண்டுதோறும் வரும் பருவத் தேவையும், நிலையான வளர்ச்சியும் ஒரே மாதிரியான ஏறுகோடாகத்தான் தெரியும். மலையடிவாரத்தில் நின்று பாதையை மட்டும் பார்க்கிறவருக்கு, அது ஒற்றைக் குன்றா, தொடர்மலையா என்று தெரியாது.

முதலில் அந்த எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். கூகுள் டிரெண்ட்ஸ் 0 முதல் 100 வரை காட்டுவது தேடல்களின் எண்ணிக்கையை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்கும் பகுதிக்கும் உள்ளே, மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எப்போது மிக அதிகமாக இருந்ததோ அந்தப் புள்ளிக்கு 100 கொடுத்து, மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆகவே, மிகச் சிலரே தேடுகிற ஒரு பொருளுக்கும் 100 வரும், கோடிப் பேர் தேடுகிற பொருளுக்கும் 100 வரும். 0 என்றால் யாருமே தேடவில்லை என்று பொருளல்ல. காட்டும் அளவுக்குத் தரவு இல்லை என்றே பொருள். கோட்டின் கடைசித் துண்டு புள்ளிகளாக இருந்தால் அந்த வாரத்துக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அது சரிவதைப் பார்த்துப் பலர் வீணாகப் பதறுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். காலத்தை ஐந்து ஆண்டு என்று மாற்றுங்கள். பிறகு 2004 முதல் இன்றுவரை என்று மாற்றுங்கள். பகுதியை உங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் நாடாக வையுங்கள். வடகோளத்தின் குளிர்காலம் தென்கோளத்தின் கோடைக்காலம் என்பதால், உலகம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும்போது பருவத் தேவையின் ஏற்ற இறக்கம் ஓரளவு ஒன்றையொன்று சமன்செய்து மங்கிவிடும். பிறகு ஐந்து சொற்கள் வரை ஒரே படத்தில் ஒப்பிட முடியும் என்பதைப் பயன்படுத்தி, உங்கள் பொருளோடு, நன்றாக விற்கும் என்று நீங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதுதான் உங்கள் குன்றின் உண்மையான உயரம் தெரியும்.

ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற சுழல் பொம்மையை இப்படிப் பாருங்கள். 2017 தொடக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, மே மாதத்தில் உச்சியைத் தொட்டு, அடுத்த சில மாதங்களுக்குள் விழுந்துவிட்டது. மே மாதத்தில் ஏற்றத்தைப் பார்த்து, ஏழு வாரத்தில் வரும் சரக்குக்குப் பணம் கட்டியவர் உங்கள் நிலையில்தான் நின்றிருப்பார். உங்கள் முதல் பொம்மையின் கதையும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லா மோகமும் ஒரே தடவையோடு முடிந்துவிடுவதும் இல்லை. யோ-யோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோ ஃபுளோரஸ் என்பவர் 1928இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரிக்கத் தொடங்கியபின் அமெரிக்காவில் ஓர் அலை எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் இன்னொன்று. 1990களின் கடைசியில் ஜப்பான் உட்படப் பல நாடுகளில் மறுபடியும் ஒன்று. முந்தைய அலையைப் பார்த்திராத புதிய தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்து வரும்போது பழைய பொம்மைக்குப் புது மவுசு வந்துவிடுகிறது. ஆனால் இந்த அலைகளுக்கு இடையே பல ஆண்டு இடைவெளி இருப்பதால், சிறு வியாபாரி அதை எதிர்பார்த்துச் சரக்கை அடுக்கி வைக்க முடியாது. நமக்குப் பயன்படுவது பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பி வரும் தேவைதான்.

மறுமொழி 3

ஈரப்பதமூட்டிகளைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். நான் பருவப் பொருள்களை மட்டுமே பல ஆண்டுகளாக விற்று வருகிறவள். உங்கள் இரண்டு சரக்கும் பார்வைக்கு ஒரே மாதிரி தேங்கியிருக்கின்றன என்றாலும், பொம்மைக்குத் தேவை முடிந்துவிட்டது; ஈரப்பதமூட்டிக்கோ, அது முடிந்த பிறகு நீங்கள் வந்து சேர்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதே தேவை அக்டோபரில் திரும்ப வரும்.

இதை ஊகமாக விடாமல் கணக்காகவே பார்க்கலாம். ஐந்தாண்டு வரைபடத்தின் எண்களைப் பதிவிறக்கி, வார எண்களை மாதவாரியாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்தாண்டுச் சராசரியை எடுத்து, அதை எல்லா மாதங்களுக்குமான பொதுச் சராசரியால் வகுங்கள். உதாரணத்துக்கு, பொதுச் சராசரி 40 என்றும் டிசம்பரின் சராசரி 88 என்றும் வந்தால் டிசம்பரின் பருவக் குறியீடு 2.2, ஜூனின் சராசரி 14 என்றால் அதன் குறியீடு 0.35. ஐந்து ஆண்டும் ஏறத்தாழ அதே மாதங்களில் குறியீடு 1ஐத் தாண்டினால் அது பருவத் தேவை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரே ஓர் ஆண்டில் மட்டும் தாண்டியிருந்தால் அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தேடுங்கள். ஐந்தாண்டைவிட நீண்ட காலத்தைப் பார்த்தால், குறிப்பாக 2020ஆம் ஆண்டின் எண்களைத் தனியே பிரித்து வையுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்ததால் வெப்கேமரா, வீட்டு உடற்பயிற்சிக் கருவி போன்றவற்றுக்கு எழுந்த தேவையைப் பருவம் என்று எண்ணிய பலருக்குக் கையைக் கடித்தது.

சந்திர நாட்காட்டியை ஒட்டி எழும் தேவைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால், அதைச் சார்ந்த விற்பனை ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் தப்பான முடிவு கிடைக்கும்.

உங்கள் இரண்டாவது தவறு நாள் கணக்கு. கோட்டின் உச்சியைப் பார்த்து வாங்கக் கூடாது. கோடு எழத் தொடங்கும் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வாங்க வேண்டும். தேவை அக்டோபர் முதல் நாள் எழுகிறது என்றால், ஏழு வாரம் பின்னால் போனால் ஆகஸ்ட் 13. சரக்கைச் சோதித்து, படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தை ஒழுங்குசெய்ய இரண்டு வாரம் வைத்தால், ஜூலை முடிவதற்குள் பணம் கட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வரைபடம் அடிமட்டத்தில் படுத்திருக்கும்; அதைப் பார்த்துக்கொண்டே வாங்குவதற்கு மனத்துணிவு வேண்டும், அந்தத் துணிவைப் பருவக் குறியீடுதான் தரும்.

இந்த ஆண்டு உங்களிடம் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே ஒரு பெட்டியைப் பிரித்து, நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போகாமல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் பஞ்சுத் திரி உறையோடு பத்திரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மற்றவற்றைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவிடுங்கள்.

மறுமொழி 4

மேலே உள்ள இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் தேடலை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேடுகிறவர் எல்லாம் வாங்குகிறவர் அல்லர். ஒரு பொருள் பழுதாகிறது என்பதற்காகத் தேடுவோர் உண்டு, செய்தியில் பார்த்துவிட்டுத் தேடுவோர் உண்டு. 2015 கடைசியில் ஹோவர்போர்டு என்ற இருசக்கரப் பலகைக்கு எழுந்த பரபரப்பில் ஒரு பகுதி, அதன் மின்கலம் தீப்பற்றிய செய்திகளால் எழுந்தது. 2016 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகளைத் திரும்பப் பெற அறிவித்தது. அந்த நேரத்தில் தேடல் கோட்டை மட்டும் பார்த்துச் சரக்கெடுத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஒரு பொருள் வாங்கியவர் கையில் இன்னும் புழங்குகிறதா என்பதற்கு, அதன் உதிரியும் தீர்ந்துபோகும் துணைப்பொருளும் விற்கின்றனவா என்று பார்ப்பதே நல்ல சோதனை. ஈரப்பதமூட்டிக்குத் திரி, லேபிள் அச்சு இயந்திரத்துக்குத் தாள் சுருள். இந்த வகைச் சிறு இயந்திரங்கள் பெரும்பாலும் மை இல்லாமல், வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சுத் தாளில் அச்சிடுகின்றன. பயன்படுத்துகிறவர் சுருள் வாங்கியே ஆக வேண்டும். இயந்திரத்தைப் பற்றிய தேடல் உயர்ந்து, சுருளைப் பற்றிய தேடல் அசையாமல் கிடந்தால், வாங்கியவர்கள் நாலு நாள் விளையாடிவிட்டு இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்கள் என்று பொருள். இரண்டும் சில மாத இடைவெளியில் சேர்ந்து உயர்ந்தால், அங்கே உண்மையான பழக்கம் ஒன்று உருவாகியிருக்கிறது.

அடுத்து, மதிப்புரைகளைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தித் தேதியைப் பார்த்துப் படியுங்கள். மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். நிறத்தாலும் அளவாலும் வேறுபட்ட பல பொருள்களின் மதிப்புரைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடப்பது உண்டு. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் நமக்கு ஆசிரியர்கள். பொருளும் பிடித்திருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது என்று நிதானமாக எழுதுகிறவர்கள் அவர்களே.

அமேசானின் அதிகம் விற்பவை பட்டியல் அடிக்கடி மாறுகிறது. தரவரிசையில் வேகமாக முன்னேறியவற்றுக்கான தனிப் பட்டியல் கடந்த 24 மணி நேரத்தை மட்டும் பேசுகிறது. ஆகவே ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வாரத்தில் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பார்த்து, உங்கள் பிரிவின் முதல் 50 பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்தும் பட்டியலில் நிற்கிறவை எவை, வந்து போனவை எவை என்று அந்தக் குறிப்பேடே காட்டிவிடும்.

மறுமொழி 5

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மொத்த வியாபாரி எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை உங்களிடம் நீட்டினால் அதைத் தேவையின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். சில்லறை விற்பனையில் ஏற்படும் சிறு உயர்வு, கடை, மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று பின்னால் போகப் போக ஊதிப் பெருகும். அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1961இலேயே இதை விளக்கிக் காட்டினார். மொத்த வியாபாரிகளின் கிடங்கு நிரம்பியிருப்பது, முன்பு வந்த கொள்முதல்கள் நின்றுவிட்டதாலும் இருக்கலாம்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பொம்மைக்கு ஐந்தாண்டில் ஒரே ஒரு கூர்முனை. அதன் இரு பக்கமும் வெறுமை. அதைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறேன். ஈரப்பதமூட்டிக்கு ஐந்து மேடுகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்தும் அக்டோபரில் எழுந்து, மார்ச்சில் தரையிறங்குகின்றன. நான் வாங்கிய டிசம்பர் கடைசியைப் படத்தில் சுட்டிப் பார்த்தபோது, சகோதரி சொன்னது உறைத்தது.

லேபிள் இயந்திரத்தின் சுருளுக்கான தேடல், இயந்திரத்தின் கோட்டை நான்கைந்து மாதம் பின்னால் தொடர்ந்து மெதுவாக உயர்கிறது. மூன்று நட்சத்திர மதிப்புரைகளில் 60ஐப் படித்தேன். 22 பேர், வாங்கிய சுருளின் அகலம் தங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். இயந்திரத்தை விட்டுவிட்டு, எந்தச் சுருள் எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று பக்கத்தின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி, சுருளை மட்டும் விற்கலாமா என்று தோன்றுகிறது.

மறுமொழி 4

தாராளமாகச் செய்யலாம். முதல் முறை இரண்டு அகலங்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் 50 எடுங்கள். வெப்பமும் வெயிலும் படும் இடத்தில் வைத்தால் அந்தத் தாள் விற்பதற்கு முன்பே கறுத்துவிடும். ஈரப்பதமூட்டிகள் நிற்கும் சுவர் நிழலான பக்கம் என்றால் அங்கேயே அடுக்குங்கள். ஒவ்வொரு வாரமும் எத்தனை விற்றன என்பதோடு, முன்பே வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். திரும்ப வந்தவர்களின் எண்ணிக்கை தெரிந்தபிறகு அடுத்த கொள்முதலின் அளவைப் பேசுவோம்.

மறுமொழி 3

ஈரப்பதமூட்டித் திரியையும் மறந்துவிடாதீர்கள். சென்ற குளிர்காலத்தில் வாங்கிய 31 பேருக்கும் செப்டம்பர் கடைசியில் புதுத் திரி தேவைப்படும். ஜூலைக்குள் அதற்குச் சொல்லி வையுங்கள்.