புதுப்பிப்பு: டேப்லோவில் கோஹார்ட் கணக்கு வந்துவிட்டது

பினாங்கு லெபு பசாரில் இருக்கும் புடவைக் கடைக்கு, தீபாவளிச் சமயம் முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று டேப்லோவில் (தரவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டும் மென்பொருள்) எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருந்தேன். முதலில் வாங்கிய மாதப்படி வாடிக்கையாளர்களைக் குழுவாகப் பிரித்துப் பார்க்கும் இந்தக் கோஹார்ட் கணக்கு இப்போது சரியாக வருகிறது, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இங்கே ஒரு அண்ணன் சொன்ன மாதிரியே வாடிக்கையாளர் எண்ணை ஃபிக்ஸ்ட்டில் (FIXED, நாம் சொல்லும் புலத்தின்படி மட்டும் கணக்கிடும் கட்டளை) வைத்து ஆர்டர் தேதிக்கு மின் (MIN, இருப்பதிலேயே முந்தைய தேதியை எடுப்பது) போட்டதும் ஒவ்வொருவரும் முதலில் வாங்கிய தேதி கிடைத்துவிட்டது, அதை மாதமாக்கி இடப்பக்கம் வைத்து, அதற்கும் அடுத்தடுத்த ஆர்டருக்கும் இடையே எத்தனை மாதம் என்ற டேட்டிஃப் (DATEDIFF, இரண்டு தேதிகளின் இடைவெளி) கணக்கை மேலே வைத்தேன். மாதக் கணக்கு கேட்டால் டேட்டிஃப் நாள்களை எண்ணாது, மாதம் மாறுவதைத்தான் எண்ணும், அக்டோபர் 31-இல் வாங்கியவர் நவம்பர் 1-இல் வந்தாலும் 1 மாதம் என்றே காட்டும்.

அப்புறம் ஃபில்டர். சாதாரண ஃபில்டருக்கு முன்பே ஃபிக்ஸ்ட் ஓடிவிடும், அதனால் 2024 மட்டும் தேர்ந்தெடுத்தாலும் 2022-இல் வந்தவர் 2022 குழுவிலேயே இருப்பார். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட கிளையில் முதலில் வாங்கிய தேதி வேண்டுமென்றால், கிளை ஃபில்டரைக் கான்டெக்ஸ்ட்டில் (ஃபிக்ஸ்ட்டுக்கும் முன்பே ஓடும் ஃபில்டர்) சேர்த்தால் போதும்.

போன் நம்பர் வாங்காமல் 'கேஷ்' என்று அடித்த பில்களையெல்லாம் முதலிலேயே எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் அத்தனையும் ஒரே வாடிக்கையாளராகிவிடும்.