ஆத்தாவுக்கு மனச்சோர்வு மாத்திரை: பத்து நாளில் நிறுத்தலாமா?

தேவகோட்டையான்:
ஆத்தாவுக்கு வயசு 66. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை, ராத்திரியில படபடப்பு. இதயத்துல கோளாறில்லைன்னு மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. எஸ்சிடலோப்ராம் 10 மி.கி., க்ளோனாசிபாம் 0.5 மி.கி. ரெண்டும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி ஒண்ணு. பத்து நாளாச்சு. தூக்கம் வருது, ஆனா குமட்டுது, மனசு அப்படியேதான் இருக்கு. ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த பிரஷர் மாத்திரையும், முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபெனாக்கும் போடுறாங்க. வீட்டுக்கு வர்ற ஆச்சிமாரெல்லாம் "போதை மாத்திரை, விட்டுரு"ங்கிறாங்க. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கணும்னும் ஆத்தா பிடிவாதமா இருக்காங்க. விட்டுரலாமா?

காரைக்குடி மருந்தாளுநர்:
விடாதீங்க தம்பி. ஒரே மாத்திரைக்குள்ள குணம் வேறான ரெண்டு மருந்து இருக்கு, குழப்பம் அங்கதான். தூங்க வைக்கிறது க்ளோனாசிபாம்; போட்ட அன்னைக்கே வேலை செய்யும். மனசைச் சரிபண்ண வேண்டியது எஸ்சிடலோப்ராம். அதோட பலன் தெரியவே 2 முதல் 4 வாரம், முழுசாத் தெரிய 6 முதல் 8 வாரம். பெரும்பாலும் முதல்ல தூக்கமும் பசியும் திரும்பும், பேச்சுலயும் வேலையிலயும் நாட்டம் பிறகுதான் வரும். பத்தாம் நாள்ல "கேக்கலை"ன்னு முடிவு கட்டக்கூடாது. குமட்டல் பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிடும்; வெறும் வயித்துல வேண்டாம், சாப்பிட்டதும் கொடுங்க.

ஆச்சிமார் பயப்படுறதுல பாதி நியாயம். எஸ்சிடலோப்ராமுக்கு ஏக்கம் பிடிச்சு அளவைக் கூட்டிக்கிட்டே போற பழக்கம் வராது. க்ளோனாசிபாமுக்கு வரும். அதைப் பொதுவா 2 முதல் 4 வாரத்தோட குறைச்சு நிறுத்தணும். வயசானவங்களுக்கு ராத்திரி எழுந்தா தள்ளாட்டம், ஞாபக மறதி, விழுந்தா இடுப்பெலும்பு முறிவு. சேர்ந்த மாத்திரையில ஒண்ணை மட்டும் குறைக்க வழியில்லை. அடுத்த தடவை போகும்போது "ரெண்டையும் தனித்தனியா எழுதித் தர முடியுமா, க்ளோனாசிபாமை எப்பக் குறைக்கலாம்?"னு கேளுங்க. பழைய சீட்டைக் காட்டி மாசக்கணக்கா அதே அட்டையை வாங்கிக்கிட்டே இருக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலை.

மனநல செவிலியர், பள்ளத்தூர்:
எனக்கு அந்த பிரஷர் மாத்திரைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதிலுள்ள தையசைடு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்தைக் குறைக்கும், எஸ்சிடலோப்ராமும் குறைக்கும். வயதான பெண்களுக்கு, அதிலும் முதல் மாதத்தில், ஆபத்து கூடுதல். இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது இறங்கினால் தலைவலி, குமட்டல், சோர்வு, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வரும்; 125-க்குக் கீழே போனால் வலிப்பே வரலாம். வீட்டில் இதை "மனசு இன்னும் மோசமாகிவிட்டது" என்றோ, "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்றோ நினைத்துவிடுவார்கள். இப்போதைய குமட்டலையும் மாத்திரையின் மேல் மட்டும் போடாமல் இந்த வாரமே ஒரு சோடியம் பரிசோதனை செய்யுங்கள். குறைந்திருந்தால் ஊறுகாயும் உப்பும் கூட்டிக்கொடுத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். எந்த மாத்திரையை மாற்றுவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

அசிக்ளோஃபெனாக்கும் எஸ்சிடலோப்ராமும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனை. வலிக்கு ட்ராமடால் என்ற வீரியமான மருந்தை யார் எழுதினாலும் இந்த மாத்திரையைக் காட்டாமல் வாங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு வரலாம்.

தேவகோட்டையான்:
ரொம்ப நன்றி. சரியானதும் எப்படி நிறுத்துறது? பழனி நடை பத்தி யாரும் சொல்லலையே அண்ணே?

காரைக்குடி மருந்தாளுநர்:
நல்லா ஆன பிறகும் குறைஞ்சது 6 மாசம் தொடரணும். வயசானவங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் வரைக்கும் சொல்வாங்க. நிறுத்தும்போது 10-லிருந்து 5, பிறகு அதுக்கும் கீழேன்னு வாரக்கணக்குல, டாக்டர் சொல்ற வேகத்துல. சட்டுனு விட்டா ரெண்டு மூணு நாள்ல தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு, எரிச்சல், கெட்ட கனவு. "பாத்தியா, அடிமையாக்கிருச்சு"ன்னு அப்பத்தான் ஊரே சொல்லும். அது விட்ட வேகத்தால வர்றது. நோய் திரும்பறதா இருந்தா பல வாரம் கழிச்சு மெல்ல வரும். ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போடாதீங்க. க்ளோனாசிபாமை இதைவிடவும் கவனமாக் குறைக்கணும், திடீர்னு விட்டா வலிப்பு வரலாம்.

மனநல செவிலியர், பள்ளத்தூர்:
பழனி நடைக்கு இன்னொரு சோடியம் பரிசோதனையும் மருத்துவர் சம்மதமும் இல்லாமல் அனுப்பாதீர்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் சோடியம் இன்னும் இறங்கும். விரதமென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. போனால் சீட்டின் நகலும் கூடுதலாக ஓர் அட்டையும் கூட வருகிறவர் பையில் இருக்கட்டும். க்ளோனாசிபாம் போடுகிற வரை விடியலுக்கு முன் இருட்டில் நடை வேண்டாம்.

"இருந்து என்ன" என்று ஆத்தா பேசினாலோ, தூக்கமே தேவைப்படாமல் அளவு மீறிய உற்சாகத்தோடு செலவும் பேச்சும் கூடினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு.