கொக்கியில்லாத கைச்சங்கிலி: எப்படித் தொடங்குவது?

கேள்வி (கீழக்கரை): கையில் வைத்தே பற்றவைக்கும் நிரந்தரச் சங்கிலி செய்து விற்க ஆசை. பத்து வருடமாக முத்துமாலை கோக்கிறேன். வெல்டிங் மட்டும் புதிது. என்னென்ன வேண்டும்?

பதில் (மண்டபம்): அக்கா, பல்ஸ் ஆர்க் வெல்டர் (நொடிப்பொழுது மின்பொறியால் பற்றவைக்கும் சிறு கருவி), பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு இரண்டும் வேண்டும். முதலில் 925 வெள்ளியில் (92.5% வெள்ளி) செய்த, சங்கிலி முனைகளை இணைக்கும் சிறு வளையங்களில், மேசை மேல் வைத்தே நூறு இணைப்பாவது போட்டுப் பழகுங்கள். அப்புறம், வளையத்துக்கும் கைக்கும் நடுவே லெதர் துண்டு வைக்காமல் பொறி விடவே கூடாது. பொறி விடும்போது சங்கிலி போட்டுக்கொள்பவர் கண்ணை மூடட்டும். விரல் நுழையும் இடைவெளி விடுங்கள், வெயிலில் கை வீங்கும்.

பதில் (பாம்பன்): கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குத் தயவுசெய்து போடாதீர்கள். கயிற்றில் மாட்டினால் ஆபத்து. எம்ஆர்ஐ ஸ்கேன் என்றால் பெரும்பாலும் வெட்ட வேண்டியிருக்கும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: சரி தம்பி. இழுத்தால் அறுகிற மெல்லிய சங்கிலியே வாங்குகிறேன்.