ஹீத் ஆட்சி: ஐரோப்பாவில் ஜெயித்தவர் யூனியனிடம் ஏன் தோற்றார்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பிரிட்டனின் எட்வர்ட் ஹீத் ஆட்சி (1970–74) பற்றிப் பெரிய கேள்வி வரும் என்கிறார்கள். நோட்ஸில் ஐரோப்பா ஒரு பாடம், தொழிற்சங்கம் வேறு பாடம். படித்தால் இரண்டு வேறு பிரதமர்கள் மாதிரி இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வண்டிப்பெரியார் பழைய யூனியன்காரன்:
உண்டு தம்பி. 1972 பிப்ரவரியை மட்டும் எடுத்துப் பார். நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தால் 9ஆம் தேதி நெருக்கடி நிலை. மறுநாள் பர்மிங்ஹாமில் சால்ட்லி கோக் (நிலக்கரியிலிருந்து எடுக்கும் எரிபொருள்) டிப்போவின் கேட்டை மறியல்காரர்கள் மூட வைத்துவிட்டார்கள். 17ஆம் தேதி ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்வதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் வெறும் 8 ஓட்டில் தப்பியது. 18ஆம் தேதி வில்பர்ஃபோர்ஸ் விசாரணைக் குழு சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெரிய சம்பள உயர்வு கொடுக்கச் சொன்னது. எல்லாம் பத்தே நாளில்!

இத்தனைக்கும் 1971 அக்டோபரில் ஐரோப்பாவில் சேர்வதற்கு அதே சபையில் 112 ஓட்டு வித்தியாசம். எதிர்க்கட்சியான லேபரின் எம்.பி.க்கள் 69 பேர், அதன் துணைத் தலைவர் ராய் ஜென்கின்ஸோடு கட்சிக் கட்டளையை மீறி ஆதரித்தார்கள். மசோதாவாக வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் கட்சிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். யூனியன் மேல் சட்டம் போட்ட ஆட்சியைக் காப்பாற்றினான் என்ற பேரை எந்த லேபர்காரன் வாங்குவான்? இது என் கணக்கு, பரீட்சையில் அப்படியே எழுதாதே.

அந்தச் சட்டம் 1971 தொழில் உறவுச் சட்டம். இங்கே இந்தியாவில் 1926 தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு எண் வாங்க நாங்கள் அலையாத அலைச்சல் இல்லை. பதிவுதான் எங்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு. அங்கே 1906 முதல் பதிவு இல்லாமலே அந்தப் பாதுகாப்பு இருந்தது. ஹீத் வந்து, பதிவு செய்தால்தான் உண்டு என்றார். டியூசி (பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு), 'யாரும் பதிவு செய்யாதீர்கள்' என்றது. பெரிய சங்கங்கள் ஒதுங்கிக்கொண்டதும் சட்டம் படுத்துவிட்டது.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். 1972 ஜனவரியில் வேலையில்லாதோர் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைவதற்குள் தொழில் வளர வேண்டும் என்று நிதியமைச்சர் பார்பர் வரியைக் குறைத்தார். விலைவாசி ஏறியது. மே மாதம் ஐரோப்பிய நாணய ஏற்பாட்டில் சேர்ந்த பவுண்டு ஜூனில் வெளியே வந்தது. சம்பளக் கட்டுப்பாடே கூடாது என்று ஓட்டு வாங்கியவர், நவம்பரில் சம்பளத்தையும் விலையையும் உறைய வைத்தார். 1973 ஜனவரி 1ல் ஐரோப்பாவில் உறுப்பினர். சுரங்கத் தொழிலாளர் மறுபடி போராடி நிலக்கரி குறைந்ததால், அடுத்த ஜனவரி 1ல் மின்சாரத்தை மிச்சப்படுத்த வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.

மூணாறு மேட்டுக்காரி:
அண்ணா, நீங்கள் யூனியன் ஆபீசிலிருந்து பார்க்கிறீர்கள். 1972 ஜூலையில் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த கோர்ட் உத்தரவை மீறியதாகத் துறைமுகத் தொழிலாளர் ஐந்து பேரை பென்டன்வில் சிறையில் போட்டார்களே, அவர்கள் தலைவர்களா? துறைமுகத்திலேயே நின்ற ஷாப் ஸ்டூவர்டுகள், அதாவது வேலையிடத்தில் தொழிலாளர்களின் பிரதிநிதிகள். வேலைநிறுத்தம் தானாகப் பரவிய பிறகுதான் டியூசி ஒருநாள் பொது வேலைநிறுத்தம் என்று வாயைத் திறந்தது. ஒரு வாரத்துக்குள் ஐவரும் வெளியே. 2015ல் இங்கே கொழுந்து கிள்ளும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது எந்த யூனியன் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. அப்போது உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்க மாட்டேன். ஹீத் தலைவர்களைக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசியே காலத்தைக் கழித்தார். அவர்கள் சொன்னால் கேட்கும் நிலையில் ஆட்கள் இல்லை.

குமுளி டீக்கடை:
எண்ணெயை விட்டுவிட்டீர்களே. 1973 அக்டோபர் அரபு–இஸ்ரேல் போருக்குப் பிறகு எண்ணெய் விலை ஏறாமல் இருந்திருந்தால் நிலக்கரிக்கு அவ்வளவு பலம் வந்திருக்காது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நன்றி அக்கா, ஐயா. 1974 தேர்தலில் மக்கள் யூனியன் பக்கம் நின்றார்கள் என்று எழுதலாமா?

வண்டிப்பெரியார் பழைய யூனியன்காரன்:
எழுதாதே. ஹீத் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். இடம்தான் லேபருக்கு 301, இவருக்கு 297. லிபரல்காரர்களோடு பேரம் படியாமல் மார்ச் 4ல் ராஜினாமா செய்தார். 1975ல் லேபர் பிரதமர் வில்சன் ஐரோப்பாவில் தொடர்வது பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். டியூசி வேண்டாம் என்றது, 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். மேட்டுக்காரி இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும், சரி, எடுத்துக்கொள்ளட்டும்.