கவுன்சலிங் அறைக்குள் வேதம் (பைபிள்) வரலாமா?

எபனேசர்:
அமெரிக்காவின் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2009ல் கவுன்சலிங் படித்த மாணவி ஒருவரை நீக்கினார்கள். பயிற்சியில் அவருக்கு ஒதுக்கப்பட்டவர் ஒருபாலுறவில் இருந்தவர், மனச்சோர்வுக்காக வந்தவர். “அந்த உறவை ஆமோதித்துப் பேச என் விசுவாசம் இடம் தராது, வேறொருவரிடம் அனுப்புங்கள்” என்று முன்கூட்டியே கேட்டார். இதில் என்ன தப்பு? நீக்கியதை எதிர்த்து அவர் போட்ட வழக்குக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமே 2012ல் மறுபடி உயிர் கொடுத்தது. கடைசியில் 75,000 டாலருக்கு சமரசம்.

தென்றல்:
சமரசம் ஆனால் ஜெயித்ததாகாது, அண்ணா. அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறையைப் பாருங்கள்: சொந்த நம்பிக்கை ஒன்றையே காரணமாக வைத்து யாரையும் கைமாற்றக் கூடாது.

எபனேசர்:
அதே சங்கம் 2005ல், சாகும் தறுவாயில் உள்ளவரின் முடிவுகள் விஷயத்தில் கவுன்சலர் ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுத்ததே! நீதிபதிகள் அதையும்தான் சுட்டிக்காட்டினார்கள்.

தென்றல்:
அந்த விலக்கும் 2014ல் போய்விட்டது.

சாலமோன் ஐயா:
உளவியலே எதற்கு? வேதம் போதும் என்று அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970லேயே எழுதிவிட்டார்.

தென்றல்:
ஐயா, அப்படியென்றால் சபைக்குள் சொல்லட்டும், அரசு உரிமம் எதற்கு? நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறி வருபவரிடம் “ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள்” என்று பைபிளின் பிலிப்பியர் நிருபத்தை நீட்டினால், வந்த பயத்தோடு ‘எனக்கு விசுவாசமும் இல்லையோ’ என்ற குற்றவுணர்வும் சேரும். பைபிளில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் வினையே.

எபனேசர்:
யோபு சரி. ஆனால் வருபவரே விசுவாசியாக இருந்து, ஜெபத்தோடு பேச வேண்டும் என்று கேட்டால்? உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டனின் மன்னிப்புப் பயிற்சி ஐந்து படிகள் கொண்டது. அதற்குக் கிறிஸ்தவ வடிவமும் உண்டு, மதம் சாராத வடிவமும் உண்டு. கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுப்பது திணிப்பா?

தென்றல்:
இல்லை, கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். நம் சண்டை கேட்காதவரைப் பற்றி.

எபனேசர்:
கேட்காதவருக்கு நானும் கொடுக்கவில்லையே, விலகத்தான் கேட்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2016ல் அதற்கு இடம் கொடுத்துச் சட்டமே போட்டது.

தென்றல்:
போட்டது. அதைக் கண்டித்துத்தான் அந்தக் கவுன்சலிங் சங்கம் 2017 மாநாட்டை அந்த மாநிலத்தின் நாஷ்வில்லிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றியது. அந்தச் சட்டமும் வேறொருவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலகவே முடியாது. சின்ன ஊரில் அந்த ‘வேறொருவர்’ எங்கே, அண்ணா?

எபனேசர்:
வீடியோ கால் எதற்கு இருக்கிறது?